'கூட்டல் 6' எங்கிருந்து வந்தது? தரவுப் பகுப்பாய்வுக்குப் புதிதாக வருகிறவர்களுக்கு ஒரு வழிகாட்டி

இலங்கைத் தேயிலைத் தோட்டத்துச் செக்ரோலை, அதாவது ஆட்களின் வேலைநாள் பதிவேட்டைக் கையில் எடுத்துப் பார்த்தவர்களுக்குத் தெரியும். இடது ஓரத்தில் ஆட்களின் பேர், அதற்கு நேரே மாதத்துக்கு 31 கட்டம். முழுநாள் வேலையை 'ஒரு பேர்' என்பார்கள், மத்தியானத்தோடு நின்றால் 'அரைப்பேர்'. எழுத்துப் பிசகினால் நல்ல கணக்கப்பிள்ளை அழிக்கமாட்டார். ஒரு கோடு இழுத்து, சரியானதை மேலே எழுதி, பக்கத்தில் சுருக்கொப்பம் வைப்பார். கோட்டுக்கு அடியில் பழைய எண் அப்படியே கிடக்கும். சம்பள நாளில் யாராவது கேள்வி கேட்டால் அதைக் காட்டித்தான் பதில் சொல்ல வேண்டும்.

எக்செலுக்கு வந்ததும் நாம் அந்தப் பழக்கத்தை மலையிலேயே விட்டுவிட்டு இறங்கிவிட்டோம். கட்டத்தில் புது எண்ணைத் தட்டினால் பழையது தடயமில்லாமல் போகிறது. பைதான், ஆர் (R) போன்ற நிரல்மொழியோ எக்செலோ, எதில் வேலை செய்தாலும் சரி, கணக்கப்பிள்ளையின் அந்தக் கோட்டைக் கணினிக்குள் எப்படி இழுப்பது, அதாவது எந்த எண் ஏன் மாறியது என்ற தடயத்தை எப்படி வைப்பது என்பதுதான் கீழே வருகிற எல்லாமும்.

முதலில் என் தலைக்குனிவு

ஒரு தோட்டத்தின் மூன்று டிவிசன்களில் ஆளுக்கு ஒரு நாளில் எத்தனை கிலோ கொழுந்து வருகிறது, மழை நாட்களில் அது எப்படி மாறுகிறது என்று பார்க்கும் வேலை எனக்கு வந்தது. முதல் அட்டவணையில் மேல் டிவிசனின் சராசரி 15 கிலோ. மற்ற இரண்டும் 21க்குப் பக்கத்தில். "மேல் டிவிசனில் உற்பத்தித்திறன் குறைவு" என்று ஒரு வரியும் எழுதி அனுப்பிவிட்டேன்.

எட்டு மாதம் கழித்து ஒரு கேள்வி வந்தது. "இரண்டாவது அறிக்கையில் மேல் டிவிசனுக்கும் 21 என்று இருக்கிறதே, எது சரி?" எனக்குப் பதில் தெரியவில்லை. ஃபோல்டரைத் திறந்தால் 'கடைசி', 'கடைசி_திருத்தியது', 'உண்மையான_கடைசி' என்று ஐந்து கோப்புகள். மூன்றாவதில் ஒரு நெடுவரிசை முழுக்க எண்களோடு 'கூட்டல் 6' ஒட்டிக்கொண்டிருந்தது. யார் போட்டது? நான்தான். ஏன்? நினைவில்லை. நான்கு நாள் தேடியபிறகு அந்த டிவிசனின் கணக்கப்பிள்ளைக்கே போன் எடுத்தேன்.

"போன தடவையே சொன்னேனே தம்பி," என்றார். "நம்ம டிவிசன்ல சாக்குக்கும் ஈரத்துக்கும் மடுவத்துலேயே ரெண்டு கிலோ கழிச்சுத்தான் எழுதுவோம். மூணு நிறுவைக்கு ஆறு ஆச்சில்ல?"

மடுவம் என்றால் கொழுந்து நிறுக்கிற கொட்டகை. திருத்தம் சரியானதுதான். ஆனால் காரணம் எழுதாத திருத்தத்துக்கும் கள்ளக் கணக்குக்கும் வெளியிலிருந்து பார்த்தால் ஒரு வித்தியாசமும் தெரியாது. நாள் அளவு 18 கிலோ என்று வைத்திருக்கிற இடத்தில் ஆறு கிலோ என்பது மூன்றில் ஒரு பங்கு. அந்த வரியை எழுதியபோது நான் குறை சொன்னது கூடை சுமந்த பெண்களை.

ஃபோல்டரை அடுக்குவது

தேயிலை ஃபெக்டரிக்குள் போயிருப்பீர்கள். கொழுந்து வாட்டும் மாடிக்கு ஏறும். அங்கிருந்து உருட்டும் இயந்திரத்துக்கு, பிறகு புளிக்க வைக்கும் இடத்துக்கு, உலர்த்தும் அடுப்புக்கு, சலிக்கிற இடத்துக்கு. சலித்த தூள் மறுபடி மாடிக்கு ஏறுவதில்லை. தரவும் அப்படி ஒரே திசையில் நடக்கட்டும். எனக்கு நான்கு ஃபோல்டர் போதும்:

00_மூலம்
10_சுத்தம்
20_கணக்கு
30_வெளியீடு

இங்கே தமிழில் எழுதினாலும், கணினியில் ஆங்கில எழுத்தில் இடைவெளி இல்லாமல் பேர் வையுங்கள். தமிழ்ப் பேரையும் இடைவெளியையும் கண்டால் தடுமாறுகிற மென்பொருள்கள் இன்னும் இருக்கின்றன.

'மூலம்' என்பது வந்தது வந்தபடி. வாட்ஸ்அப்பில் வந்த பேரேட்டுப் படம், பென் டிரைவில் வந்த எக்செல், எல்லாம் அதற்குள். உள்ளே போட்டதும் 'வாசிக்க மட்டும்' என்று பூட்டிவிடுங்கள். அதில் எழுத்துப்பிழை கண்ணில் பட்டாலும் கை வைக்காதீர்கள். திருத்தம் 'சுத்தம்' கட்டத்தில், ஒரு நிரலின் (கணினிக்கு எழுதும் கட்டளைகளின்) வரியாக நடக்கட்டும். அந்த வரிதான் கணக்கப்பிள்ளையின் கோடு. யார் எப்போது எப்படித் தந்தார் என்று கோப்புக்கு ஒரு வரியும் எழுதி வையுங்கள்.

கோப்புப் பேரில் தேதி வேண்டுமென்றால் ஆண்டு, மாதம், நாள் என்ற வரிசையில்: 2024-03-07. அப்போது பேர் வரிசையே கால வரிசையாக நிற்கும். இன்னொரு காரணமும் உண்டு. 7/3 என்பது இலங்கையில் மார்ச் 7. அமெரிக்க அமைப்பில் இருக்கிற எக்செலுக்கு அது ஜூலை 3. மாதத்தில் 12ஆம் தேதிவரை அது சத்தமில்லாமல் மாற்றிவிடும், 13இலிருந்துதான் மாற்ற முடியாமல் வெறும் எழுத்தாக விட்டுவிடும். ஒரு மாதத் தரவில் முதல் 12 நாள் மட்டும் வேறு மாதங்களுக்குச் சிதறியிருந்தால் காரணம் இதுதான்.

தரவு அகராதி: அதிக நேரம் இங்கேதான்

புதியவர்கள் பெரும்பாலும் தாண்டிவிடும் கட்டம் இது. எனக்குக் கேட்டால், நிரல் எழுதுவதற்கு முன்பே இதற்கு ஒரு முழு நாள் கொடுக்கலாம். அட்டவணையின் ஒவ்வொரு நெடுவரிசைக்கும் அது என்ன, எந்த அலகு, யார் எப்போது அளந்தது, வெற்றிடம் என்றால் என்ன அர்த்தம் என்று எழுத வேண்டும். என் அகராதியிலிருந்து ஒரு பதிவு:

கொழுந்து_நிறை: ஒருவர் ஒரு நாளில் பறித்த பச்சைக் கொழுந்து, கிலோவில். நாளின் நிறுவைகளின் கூட்டுத்தொகை. மேல் டிவிசனில் கழித்த நிறை. மற்ற இரண்டிலும் கழிக்காத நிறை. பூச்சியம்: வந்தார், வேறு வேலைக்கு அனுப்பப்பட்டார். வெற்றிடம்: பதிவே இல்லை.

பூச்சியத்தையும் வெற்றிடத்தையும் கலந்தால் சராசரி கெட்டுப்போகும். அதிலும் மலைகளை (தோட்டத்துத் தேயிலை நிலத்துண்டுகளை) ஒப்பிடும்போது இன்னொரு பொறி இருக்கிறது. கவ்வாத்து வெட்டிய, அதாவது செடிகளைக் கத்தரித்துவிட்ட மலையில் சில மாதங்களுக்குக் கொழுந்தே இராது. அங்கே பூச்சியம் என்பது நோயுமில்லை, சோம்பலுமில்லை. அதனால் 'மலை_நிலை' என்று தனி நெடுவரிசை வைத்து, பறிப்பில் இருக்கிறதா, கவ்வாத்தா என்று குறித்துவிடுங்கள்.

மழைவீழ்ச்சி நெடுவரிசைக்கு ஒரு நுணுக்கம். நம் நாட்டில் 24 மணிநேர மழையைக் காலை 8.30க்கு அளப்பது வழக்கம். 5ஆம் தேதி காலையில் எழுதிய 60 மில்லிமீட்டரில் பெரும்பகுதி 4ஆம் தேதி பெய்தது. கொழுந்து நிறையோடு தேதியை அப்படியே பொருத்தினால், நேற்றைய மழையை இன்றைய பறிப்பின் மேல் ஏற்றுகிறீர்கள். அளந்த நேரத்தை அகராதியில் எழுதி, 'மழை_பெய்த_நாள்' என்று இன்னொரு நெடுவரிசையை நிரலில் உருவாக்குங்கள். பழைய மணித்தியாலத் தரவு கிடைத்தால் இன்னும் கவனம். 1996 மே முதல் 2006 ஏப்ரல் வரை இலங்கையின் கடிகாரம் இப்போதைய நேரத்தில் இல்லை: முதலில் ஒரு மணிநேரம் முன்னே, பிறகு அரை மணிநேரம் முன்னே. நேர வலயத்தைக் 'கொழும்பு' என்று சரியாகக் கொடுத்தால் மென்பொருள் பார்த்துக்கொள்ளும், உலகப் பொது நேரத்தோடு ஐந்தரை மணி என்று கையால் கூட்டினால் பிழைக்கும்.

ஊர்ப் பேர் விஷயம் எல்லோருக்கும் தெரிந்த தலைவலி. கண்டி ஒரு கோப்பில் கண்டி, இன்னொன்றில் மஹநுவர. அட்டனும் ஹட்டனும் ஒன்று. தோட்டத்துக்கு ஆங்கிலத்தில் ஒரு பேர், ஆட்கள் சொல்வது இன்னொரு பேர். ஒரு சின்னக் கோப்பில் இடப்பக்கம் 'வந்த பேர்', வலப்பக்கம் 'நிலையான பேர்' என்று எழுதிவைத்து, நிரல் அதைப் பார்த்து மாற்றட்டும். புதுப் பேர் வந்தால் நிரல் நின்று உங்களைக் கேட்க வேண்டும். தானாக ஊகிக்கக் கூடாது.

பழைய அலுவலகக் கோப்புகளில் பாமினி எழுத்துருவில் அடித்த தமிழ் வரும். எழுத்துருவை எடுத்துவிட்டால் 'தமிழ்' என்ற சொல் ஜே, கே, பி, ஓ என்ற ஆங்கில எழுத்துக்களும் ஒரு அரைப்புள்ளியுமாக நிற்கும். கோப்பு கெட்டுவிட்டது என்று எறிந்துவிடாதீர்கள். யூனிகோடுக்கு மாற்றும் கருவிகள் இருக்கின்றன. எதைக்கொண்டு மாற்றினீர்கள் என்பதைக் குறித்து, மாற்றாத மூலத்தையும் வைத்திருங்கள்.

அடையாள அட்டை எண்

தோட்டத் தரவில் இது கட்டாயம் வரும், அதனால் தனியாகச் சொல்கிறேன். பழைய எண் ஒன்பது இலக்கமும் ஓர் ஆங்கில எழுத்தும். புதியது 12 இலக்கம். ஒரே ஆள் இரண்டு வடிவிலும் இருந்தால் இரண்டு ஆளாக எண்ணப்படுவார். 12 இலக்கத்தை எக்செல் எண் என்று நினைத்து, நடுவில் 'ஈ' போட்ட சுருக்க வடிவில் காட்டும். அந்த நிலையில் சிஎஸ்வியாக (காற்புள்ளியால் பிரித்த வெறும் எழுத்துக் கோப்பாக) சேமித்தால் கடைசி இலக்கங்கள் போய்விடும், திரும்பி வராது. திறக்கும்போதே அந்த நெடுவரிசையை 'எழுத்து' என்று அறிவித்துவிடுங்கள்.

அதைவிட முக்கியம்: அந்த எண்ணிலிருந்தே ஒருவரின் பிறந்த நாளையும் ஆணா பெண்ணா என்பதையும் படித்துவிடலாம். ஆண்டுக்குப் பின்னால் வரும் மூன்று இலக்கம் ஆண்டின் எத்தனையாவது நாள் என்பதைக் காட்டும், பெண்களுக்கு அதோடு 500 கூட்டியிருக்கும். எனவே 'சுத்தம்' கட்டத்தைத் தாண்டி இந்த எண் போகவே கூடாது. ஆளுக்கு ஒரு புது இலக்கம் கொடுத்து, இரண்டையும் இணைக்கும் பட்டியலை வேறிடத்தில் பூட்டி வையுங்கள். 2022ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கத் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் நம் நாட்டில் இருக்கிறது என்பதும் நினைவிருக்கட்டும்.

முடிவுக் கொப்பி

அகராதி 'இது என்ன' என்பதைச் சொல்கிறது. 'ஏன் இப்படிச் செய்தேன்' என்பதற்கு இன்னொரு கோப்பு வேண்டும். சாதாரண எழுத்துக் கோப்பு போதும், புதியது கீழே சேரட்டும். என் கூட்டல் ஆறு இப்போது இப்படி இருக்கிறது:

மேல் டிவிசன் நிறையோடு நிறுவைக்கு 2 கிலோ கூட்டப்பட்டது. காரணம்: மடுவத்திலேயே கழித்து எழுதியது. தகவல்: டிவிசன் கணக்கப்பிள்ளை, தொலைபேசியில். வேறு வழி: மற்ற இரண்டு டிவிசன்களிலும் கழிப்பது. எடுக்காத காரணம்: அங்கே எவ்வளவு கழிக்க வேண்டும் என்று பதிவில்லை. ஐயம்: முன்பு எல்லோருக்கும் 6 கூட்டினேன், அரைப்பேர் ஆட்களுக்கு மூன்று நிறுவை இராது, அவர்களுக்கு அது அதிகம்.

கடைசி வரியைக் கவனியுங்கள். பழைய திருத்தத்தை எழுத உட்கார்ந்தபோதுதான் அதிலும் ஒரு ஓட்டை இருப்பது தெரிந்தது. அரைப்பேர் ஆட்களுக்கும் கண்ணை மூடிக்கொண்டு ஆறு கூட்டியிருந்தேன். ஒரே தகவலுக்காகப் பெரியவர் ஒருவரை இரண்டு தரம் தொந்தரவு செய்யக் கூடாது என்பதற்காகவாவது, போனில் கேட்டதை, போனை வைத்த கையோடு எழுதுங்கள்.

இதே கொப்பியின் பின்பக்கத்தில் நிகழ்வுப் பட்டியல் ஒன்றும் வைத்திருக்கிறேன். 2021 மே முதல் நவம்பர் வரை இரசாயன உர இறக்குமதிக்குத் தடை. 2022 மார்ச்சில் சில நாட்களில் 13 மணிநேரம்வரை மின்வெட்டு. இவை தெரியாமல் அந்த ஆண்டுகளின் கோட்டுப்படத்தைப் பார்க்கிறவர் சரிவுக்கு வேறு ஏதோ காரணம் கற்பித்துவிடுவார்.

மாறும் எண்களை நிரலுக்குள் புதைக்காதீர்கள்

தோட்டத் தொழிலாளரின் நாட்சம்பளத்தை எடுத்துக்கொள்ளுங்கள். 2021 மார்ச்சில் அது 1000 ரூபாய் ஆனது. அதில் 900 அடிப்படை, 100 வரவுசெலவுத் திட்டக் கொடுப்பனவு. 2024 செப்டம்பரில் 1350 ஆனது. நிரலின் 84ஆம் வரியில் 1000 என்று எழுதி வைத்தால், அது சம்பளமா, கிலோவைக் கிராமாக்கும் பெருக்கமா என்று அடுத்து வருபவருக்கு விளங்காது. 'எந்த நாளிலிருந்து, எவ்வளவு, எதெல்லாம் அடக்கம்' என்று மூன்று நெடுவரிசையுள்ள ஒரு தனி அட்டவணை வைத்து, நிரல் அதிலிருந்து எடுக்கட்டும்.

ஓடும் வரிசையும் இடையிடையே சோதனையும்

நிரல்களுக்கும் 01, 02, 03 என்று எண் வையுங்கள், எல்லாவற்றையும் வரிசையாக ஓட்டும் ஒரு கோப்பும் வையுங்கள். நிரலைக் கட்டம் கட்டமாக ஓட்டும் ஜூபிட்டர் நோட்புக் பாவிப்பவர்கள் கட்டங்களை முன்னும் பின்னுமாக ஓட்டுவது வழக்கம். அழித்துவிட்ட கட்டத்தின் மாறி (ஒரு மதிப்பைத் தாங்கும் பேர்) ஒன்று நினைவகத்தில் உயிரோடிருந்து கணக்கைக் காப்பாற்றிக்கொண்டிருக்கும், மறுநாள் காலையில் எதுவும் ஓடாது. மாலையில் கணினியை மூடுமுன் எல்லாவற்றையும் அழித்து முதலிலிருந்து ஒருமுறை ஓட்டிப் பாருங்கள். வேலைகளை வரிசைப்படுத்தி ஓட்டும் ஏர்ஃப்ளோ போன்ற பெரிய கருவிகள் மூன்று டிவிசன் கணக்குக்குத் தேவையில்லை. ஒரு தேங்காய்ச் சம்பலுக்கு மில்லுக்குப் போவார்களா?

ஒவ்வொரு கட்டத்திலும் எத்தனை வரி உள்ளே வந்தது, எத்தனை வெளியே போனது என்று நிரலே எழுதட்டும். 2020இல் இங்கிலாந்தில் கோவிட் தொற்றாளர் 15,841 பேர் தினசரிக் கணக்கில் விடுபட்டார்கள். பழைய எக்செல் வடிவத்தில் 65,536 வரிக்கு மேல் கொள்ளாது என்பதுதான் காரணம். வரியை எண்ணியிருந்தால் அன்றைக்கே பிடிபட்டிருக்கும்.

தொழில் தெரிந்த சோதனை இன்னும் நல்லது. ஒரு கிலோ தேயிலைத் தூளுக்கு நாலரைக் கிலோ முதல் ஐந்து கிலோவரை பச்சைக் கொழுந்து போகும். உங்கள் கணக்கில் மூன்று கிலோவுக்கு ஒரு கிலோ தூள் வந்தால், அந்த ஃபெக்டரி அதிசயம் செய்யவில்லை. எங்கோ ஒரு லொறிக் கொழுந்து பதிவாகவில்லை, அல்லது ஒரு நாள் தூள் இரண்டு தரம் பதிவாகியிருக்கிறது. இந்த எல்லையை நிரலில் எழுதி, மீறினால் நிற்கச் சொல்லுங்கள்.

கிட்

'உண்மையான_கடைசி' என்ற பேரை ஒழிக்க, கோப்பின் ஒவ்வொரு மாற்றத்தையும் பதிந்துவைக்கும் கிட் (Git) என்ற மென்பொருளைப் படியுங்கள். லினஸ் டோர்வால்ட்ஸ் 2005இல் லினக்ஸ் வேலைக்காக எழுதியது. ஆரம்பத்தில் நான்கைந்து கட்டளை போதும். நம் பக்கத்து ஆட்களுக்கு அதில் ஒரு வசதி: சிக்னல் இல்லாத இடத்திலும் பதிவு செய்யலாம், டவுனுக்கு இறங்கும்போது மேலே ஏற்றலாம். பதிவுக் குறிப்பில் 'திருத்தினேன்' என்று எழுதுவது வீண். 'மேல் டிவிசன் கழிவு சேர்ப்பு, நிறுவைக்கு 2 கிலோ வீதம்' என்று எழுதுங்கள். 'மூலம்' ஃபோல்டரைப் பொதுவெளிக்கு ஏற்றவே ஏற்றாதீர்கள். கிட்டில் ஒருமுறை ஏறியது, அழித்த பிறகும் வரலாற்றில் தங்கிவிடும்.

ரீட்மீயும் கடைசிச் சோதனையும்

ரீட்மீ, அதாவது ஃபோல்டரைத் திறப்பவர் முதலில் வாசிக்கும் கோப்பு, ஒரு பக்கத்துக்கு மேல் வேண்டாம். என்ன கேள்விக்குப் பதில் தேடினோம், தரவு எங்கிருந்து வந்தது, எந்தக் கோப்பை ஓட்ட வேண்டும், எந்த மென்பொருள் எந்தப் பதிப்பு, ஓடி முடிந்தால் என்ன கிடைக்கும். அவ்வளவுதான்.

பிறகு அந்த ஃபோல்டரை இந்த வேலையைத் தெரியாத ஒருவரிடம், வேறொரு கணினியில் கொடுத்து, பக்கத்தில் வாயை மூடிக்கொண்டு உட்காருங்கள். அவர் கேட்கிற ஒவ்வொரு கேள்வியும் நீங்கள் எழுதாமல் விட்ட ஒரு வரி. பதில் சொல்லாதீர்கள், குறித்துக்கொள்ளுங்கள்.

நான் பண்டாரவளையில் இருக்கிற என் சித்தப்பா மகளிடம் கொடுத்தேன். பைதான் அவளுக்கு என்னைவிட நன்றாக வரும், அதனால் நிரல் பக்கம் ஒரு கேள்வியும் இல்லை. அகராதியின் நான்காவது வரியில் நிறுத்தினாள்.

"அண்ணா, மடுவத்துல நிறுத்ததுன்னு போட்டிருக்கீங்க. எந்த மடுவம்? மலையில இருக்கிறதா, ரோட்டோரம் லொறி ஏத்துற இடமா?"

நான் பேரேட்டுப் படங்களை மறுபடி திறந்து பார்த்தேன். மேல் டிவிசனில் இரண்டு கையெழுத்து இருந்தது. கணக்கப்பிள்ளைக்கு மூன்றாவது தடவையாகப் போன் எடுக்க வேண்டியிருந்தது.